கனவும் மனக்காயமும்: எந்தக் கனவுக்கு எந்த வழி?

ஒரே கனவு வாரக்கணக்கில் விடாமல் வருகிறது. அல்லது இறந்துபோன ஒருவர் கனவில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். அன்று முழுக்க நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டது போல இருக்கிறது. உடனே மனம் கேட்பது, "இதற்கு என்ன அர்த்தம்?" இயல்பான கேள்விதான். ஆனால் எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய அது உதவாது. அதைவிட உதவும் கேள்வி ஒன்று உண்டு: கண் விழித்த நிமிடத்தில் இந்தக் கனவு உங்களை என்ன செய்கிறது?

வியர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடக்க எழுப்பி, மறுபடி படுக்கவே பயப்பட வைக்கிறதா? அடக்கி வைத்த துக்கத்தையோ குற்ற உணர்வையோ கோபத்தையோ கிளறிவிடுகிறதா? இல்லை, கெட்டது என்றும் சொல்ல முடியாமல், மறக்கவும் முடியாமல் ஓர் உறுத்தலை மட்டும் விட்டுப்போகிறதா? முதல் வகைக்குப் பொருள் தேடிக்கொண்டிருப்பது அநேகமாக வேண்டாத வேலை, சிலருக்குக் கெடுதலும்கூட. இரண்டாம் வகைக்குப் பொருள் தேடலாம், ஆனால் துணையோடு தேடுவது நல்லது. மூன்றாம் வகைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

கெட்ட கனவுகள் புதிதாக ஆரம்பித்திருந்தால், மனசைக் குடைவதற்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர்கள் (புரோப்ரனலால், மெட்டோப்ரோலால் போன்றவை), மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், புகைப்பழக்கத்தை விடுவதற்கான வரெனிக்லின் ஆகியவை கனவை உக்கிரமாக்கக்கூடியவை. மாத்திரை தொடங்கிய தேதியையும் கனவு தொடங்கிய தேதியையும் அருகருகே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கனவுகள் இன்னும் மோசமாகலாம். மதுவும் இப்படித்தான். முன்னிரவில் கனவுத் தூக்கத்தை அமுக்கிவிடும். போதை இறங்கும் பின்னிரவில் அது இரட்டிப்பாகப் பொங்கும். குடித்த இரவின் அதிகாலைக் கனவுக்குப் பொருள் தேடுவதில் பயனில்லை.

பலத்த குறட்டையும் மூச்சுத் திணறி விழிப்பதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோயா என்று சோதிக்க வேண்டும். கனவில் உதைப்பதைப் படுக்கையில் நிஜமாகவே உதைக்கிறவர்கள், குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்கள், நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கனவு காணும்போது உடம்பின் தசைகள் செயலிழந்து கிடப்பதுதான் இயல்பு. அந்தப் பூட்டு கழன்றுவிடுவது பார்க்கின்சன் போன்ற நோய்களின் முன்னறிகுறியாக இருக்கலாம்.

இன்னொன்று. தூங்கிய முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் அலறி எழுந்து, காலையில் ஒன்றுமே நினைவில்லை என்றால் அது கனவே அல்ல. ஆழ்ந்த தூக்கத்தில் வரும் இரவுத் திகில். அதில் பிரித்துப் பார்க்க ஒரு காட்சியும் கிடைக்காது. கொடுங்கனவு பெரும்பாலும் பின்னிரவில் வரும். விழித்ததும் தெளிவாக நினைவில் நிற்கும்.

கொடுங்கனவு என்றால்: அலச வேண்டாம், மாற்றி எழுதுங்கள்

இங்கே பேசப்போகும் வழிகளில் ஆய்வு பலம் அதிகமுள்ளது இதுதான். இமேஜரி ரிஹர்சல் தெரபி என்று பெயர். விழித்திருக்கும்போது கெட்ட கனவை வேறு மாதிரி எழுதி, அந்தப் புதிய கனவைத் தினமும் மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். கேட்டால் சிறுபிள்ளை விளையாட்டு போலத் தோன்றும். பேரி க்ராகோவும் உடன் ஆய்வாளர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொடுங்கனவில் தவித்த 168 பெண்களிடம் இதைச் சோதித்து, 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். மூன்றே அமர்வுகள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட, சிகிச்சை பெற்றவர்களுக்குக் கொடுங்கனவு குறைந்தது, தூக்கம் சீரானது, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமும் (பி.டி.எஸ்.டி.) தணிந்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2018-ஆம் ஆண்டு நிலைப்பாட்டிலும் கொடுங்கனவுக்குப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இது. அதே 2018-இல், கொடுங்கனவுக்கு வெகுகாலமாக எழுதித் தரப்பட்டுவந்த பிரசோசின் மாத்திரையை முன்னாள் படைவீரர்கள் 304 பேரிடம் சோதித்தபோது, அது மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தது. மருத்துவர்கள் சிலருக்கு அதை இன்னும் தருகிறார்கள், அதில் தவறில்லை. ஆனாலும் பேனாவை முயன்று பார்க்காமல் மாத்திரைக்குப் போவது ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பொருள் தேடாமல் எப்படி ஆறும்? மீண்டும் மீண்டும் வரும் கொடுங்கனவு, தொடக்கத்தில் ஒரு காயத்தால் வந்திருக்கலாம். ஆனால் நாளாக ஆக அது மூளைக்குப் பழகிப்போன ஒரு தடமாகிவிடுகிறது. காயத்தைப் பற்றி எவ்வளவு அலசினாலும் பழக்கம் தானாகப் போகாது. அதைப் பழக்கமாகவே நினைத்து மாற்ற வேண்டும். பகலில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இரவுக் காட்சியைச் சாயம் மாற்றுகிறது. "இது என் கைக்கு அடங்கும்" என்ற உணர்வு வருவதும் பாதி மருந்து.

செய்முறைக்கு வருவோம். உங்கள் கெட்ட கனவுகளுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பத்தைத் தொடாதீர்கள். நாலு, ஐந்து மதிப்பெண்ணில் இருக்கும் ஒன்றை எடுங்கள். நடந்த கொடுமையை அப்படியே திருப்பிக் காட்டும் கனவைத் தொடக்கத்தில் எடுக்கவே கூடாது. பெரும்பாலோர் மிரண்டு கைவிடுவது அங்கேதான்.

சாலை விபத்தில் தப்பிய ஒருவரின் கனவு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "ராத்திரி. மழை. எதிரே லாரியின் இரண்டு விளக்கு. பிரேக்கை மிதிக்கிறேன், கால் இறங்கவில்லை. விளக்கு பெரிதாகிக்கொண்டே வருகிறது." இதை ஒரு தடவை, சுருக்கமாக எழுதி மூடி வைக்க வேண்டும். அடுத்து, விருப்பம்போல மாற்ற வேண்டும். இப்படித்தான் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் எங்கிருந்து மாற்றுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. லாரி மோதப்போகும் கணத்தில் மாற்றினால், ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்தக் கணம் வரை பயத்தோடு நடந்தாக வேண்டும். அதனால் பயம் ஏறுவதற்கு முன்பே, மழையிலேயே மாற்றிவிடுவது மேல்:

"மழை விட்டுவிட்டது. வண்டியை ஓரம் கட்டுகிறேன். என்ஜினை அணைத்ததும் டக் டக் என்று சூடு ஆறும் சத்தம். கண்ணாடியை இறக்குகிறேன், ஈர மண் வாசனை. லாரி தன் பாதையில் போகிறது, டிரைவர் ஹாரனை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகிறார். சீட் முதுகுக்குக் கதகதப்பாக இருக்கிறது. அவசரம் ஒன்றுமில்லை."

இதில் சத்தம், வாசனை, உடம்பில் படும் சூடு எல்லாம் இருப்பதைக் கவனியுங்கள். "பிறகு எல்லாம் சரியாகிவிட்டது" என்று எழுதினால் மனக்கண்ணுக்குப் பார்க்க எதுவும் இருக்காது. லாரியைக் குண்டு வைத்துத் தகர்ப்பது போன்ற பழிவாங்கும் முடிவுகளையும் தவிர்ப்பது நல்லது. வன்முறை உள்ள காட்சியை நாள்தோறும் ஒத்திகை பார்த்தால் உடம்பு மறுபடி முறுக்கேறிப் போகும்.

இந்தப் புதிய கனவை மட்டும், உட்கார்ந்த நிலையில், கண்ணை மூடி, தினமும் 10 முதல் 20 நிமிடம் பாருங்கள். பழையது இடையில் நுழைந்தால் சண்டை போடாமல் கண்ணைத் திறந்து, கால் தரையில் படுவதை உணர்ந்து, புதியதை முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கனவுகளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

பலன் இல்லை என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: பழைய கனவையும் சேர்த்து ஓட்டியிருப்பார்கள்; படுத்துக்கொண்டே பார்த்துப் பாதியில் தூங்கியிருப்பார்கள்; நாலு நாளில் விட்டிருப்பார்கள்; அல்லது புதிய கனவு அப்படியே இரவில் வரும் என்று காத்திருப்பார்கள். அது அப்படி வராது. கொடுங்கனவு வரும் இரவுகள் குறையும், வந்தாலும் பல் பிடுங்கிய பாம்பு மாதிரி இருக்கும். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். காலண்டரில் கொடுங்கனவு வந்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். மனசு "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்லும்போது புள்ளிகள் உண்மையைச் சொல்லும்.

யார் இதைத் தனியாகச் செய்யக்கூடாது? காட்சியை நினைத்த உடனே இருக்கும் இடமே மறந்துபோகிறவர்கள், இல்லாத குரல் கேட்கிறவர்கள், கொடுமை இன்னும் நடந்துகொண்டிருக்கும் வீட்டில் இருப்பவர்கள். கொடுங்கனவோடு கூட "வாழ்ந்து என்ன பயன்" என்ற எண்ணமும் வந்தால் நாளை வரை காத்திருக்கவே கூடாது. நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். அடிக்கடி வரும் கொடுங்கனவுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கனவுப் பலன் பட்டியல்கள்

பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது என்று சொல்லும் பட்டியல்களும், கனவைத் தட்டச்சு செய்ததும் பலன் சொல்லும் ஆப்களும் சுலபமானவை, உடனடியானவை. காயம் ஆற்றுவதற்கு அவற்றால் ஆகாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கனவுப் பலன் எழுதிய ஆர்ட்டெமிடோரஸ்கூட, கனவு கண்டவர் யார், என்ன தொழில், எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியாமல் பலன் சொல்லக்கூடாது என்றுதான் வற்புறுத்தினார். பட்டியலுக்கு உங்களைத் தெரியாது. துக்கத்தில் இருப்பவருக்கு அது "கண்டம் வருகிறது" என்று ஒரு புதுப் பயத்தையும் சேர்த்துவிடும்.

ஒரு நோட்டும் பேனாவும்

தினசரி மனவுளைச்சல், ஒரு பிரிவு, ஒரு முடிவெடுக்க முடியாத தவிப்பு இவற்றுக்குத் தனியாகக் குறிப்பெழுதுவது நல்ல தொடக்கம். செலவில்லை, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொறுமை வேண்டும். ஒற்றைக் கனவு பெரிதாக எதையும் சொல்லாது. இருபது கனவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் திரும்பத் திரும்ப வரும் ஒன்று கண்ணில் படும்.

கனவே வராது என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கனவு வருகிறது, நினைவில் நிற்பதில்லை. 1953-இல் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் கண்டறிந்து வெளியிட்ட, கண்மணிகள் வேகமாக அசையும் ரெம் தூக்கத்தில்தான் தெளிவான கனவுகள் அதிகம். அது சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆறு மணி நேரத்தில் அலாரம் வைத்து எழுகிறவர், கனவு செறிந்த கடைசிப் பகுதியைத்தான் வெட்டிப் போடுகிறார். ஆகவே முதல் வேலை, முக்கால் மணி நேரம் முன்னதாகப் படுப்பது.

விழித்ததும் அசையாதீர்கள். புரண்டு படுத்தாலே பாதி கலைந்துவிடும். போனைத் தொட்டால் மிச்சமும் போய்விடும். கடைசியாகப் பார்த்த காட்சியைப் பிடித்துக்கொண்டு, "இதற்கு முன் என்ன?" என்று பின்னோக்கிப் போங்கள். காட்சி கிடைக்காவிட்டால் உணர்வையாவது எழுதுங்கள்: "ஏதோ தொலைந்த மாதிரி." அதுவும் கணக்குதான். எழுதும்போது நிகழ்காலத்தில், கண்டபடியே எழுதுங்கள். கதையாக மெருகேற்றினால் ஓட்டைகள் மூடிப்போகும். நமக்கு வேண்டியது அந்த ஓட்டைகள்தான். பக்கத்தில் மூன்று குறிப்பு: உணர்வின் பெயர், அதன் அளவு (0 முதல் 10), முந்தைய நாள் நடந்த ஏதாவது ஒன்று.

ஒரு கனவை எடுத்துக்கொள்வோம். தாயை இழந்து எட்டு மாதம் ஆன ஒரு பெண்மணி எழுதுவதாக வையுங்கள்: "அம்மா எனக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவுகிறாள். குழாய் முழுக்கத் திறந்திருக்கிறது. 'மூடும்மா' என்கிறேன். திரும்பவில்லை. தண்ணீர் தொட்டி தளும்பி, தரையில் இறங்கி, என் பாதத்தைத் தொடுகிறது. நான் வாசற்படியில் நிற்கிறேன்."

உணர்வு என்ன என்று கேட்டால் சட்டென்று "சோகம்" என்று வரும். கொஞ்சம் நிதானித்தால் அது சோகம் இல்லை, அவசரம் என்று தெரியும், அளவு ஏழு. அடுத்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, மனசில் முதலில் வருவதை எழுத வேண்டும். குழாய்: "அம்மா யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் போய் மூடுவாள்." முதுகு: "கடைசி வாரம் மருந்து, ரிப்போர்ட், போன் என்று அலைந்தேன். அவள் முகத்தைப் பார்த்து உட்காரவே இல்லை." இந்த இரண்டாவது வரி வந்ததும் எழுதுகிறவரின் கை நிற்கும். அங்கே நிறுத்திக்கொண்டு, கனவை விட்டுவிட்டு அந்த வரியைப் பற்றி எழுத வேண்டும். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், தொடர்ந்து மூன்று நான்கு நாள். இந்த அளவு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் தொடங்கிய, உணர்வைக் கொட்டி எழுதும் ஆய்வுகளிலிருந்து வருகிறது. எழுதி முடித்த உடனே மனசு இன்னும் கனக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே.

தனி வழியின் பெரிய ஆபத்து, எழுதுவது புலம்பலாக மாறுவது. அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே வாக்கியம் நாலாவது நாளும் அதே சொற்களில் வந்தால், எழுத்து நகரவில்லை. எழுதும் முன்னும் அரை மணி நேரம் கழித்தும் மனநிலைக்கு மதிப்பெண் போடுங்கள். ஒரு வாரம் முழுக்கப் பின்னது கீழேயே இருந்தால் நோட்டை மூடிவிட்டு ஓர் ஆளைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்னொரு எல்லையும் உண்டு. நமக்கு வலிக்கும் இடத்தை நாமே நாசூக்காகச் சுற்றிப் போய்விடுவோம். "நான் வாசற்படியில் நிற்கிறேன்" என்ற வரியை அந்தப் பெண்மணி எழுதினார். அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லி வைக்க வேண்டும். கனவுகளில் நல்ல உணர்வைவிடக் கெட்ட உணர்வே அதிகம் என்பது எல்லோருக்கும் பொது. கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி கேசிலும் ஆயிரம் கனவுகளை எண்ணிப் பிரித்து 1966-இல் வெளியிட்ட கணக்கிலிருந்தே இது தெரியும். பயமும் சண்டையும் கனவில் வருவதாலேயே நீங்கள் உடைந்துபோனவர் ஆகிவிட மாட்டீர்கள்.

கனவுக் குழு

அமெரிக்க மனநல மருத்துவர் மான்டேக் உல்மன் வகுத்த முறை இன்றும் பல இடங்களில் நடக்கிறது. ஆறு முதல் எட்டு பேர். ஓர் அமர்வில் ஒரே கனவு. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஒருவர் தன் கனவைச் சொல்வார். மற்றவர்கள் தெளிவுக்காக மட்டும் கேட்பார்கள்: என்ன நிறம், எத்தனை பேர், உங்களுக்கு அதில் என்ன வயது? அதன் பிறகு கனவு கண்டவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். மற்றவர்கள் அந்தக் கனவைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு, "இது என் கனவாக இருந்தால்..." என்று தொடங்கி, முதல் சுற்றில் உணர்வுகளையும் அடுத்த சுற்றில் காட்சிகள் எதைக் குறிக்கலாம் என்பதையும் சொல்வார்கள். கடைசியில் கனவு அதைக் கண்டவரிடமே திரும்பிவிடும். எது தைத்தது, எது தைக்கவில்லை என்று அவர்தான் சொல்வார். எந்த நிமிடத்திலும் "போதும்" என்று நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே.

அம்மாவின் கனவைக் குழுவில் வைத்தால், ஒருவர், "என் கனவாக இருந்தால், அம்மா திரும்பாதது கோபத்தால் இல்லை, வேலை முடியவில்லை, அதனால்தான்" என்பார். அது ஆறுதல். இன்னொருவர், "என் கனவாக இருந்தால், நானே உள்ளே போய் ஏன் குழாயை மூடவில்லை என்று யோசிப்பேன்" என்பார். நோட்டில் தவறவிட்ட வாசற்படி அங்கே பிடிபடுகிறது. குழுவின் பலம் முழுக்க இதில் இருக்கிறது: நாம் சுற்றிப் போகும் இடத்தில் இன்னொருவர் இயல்பாகக் கால் வைத்துவிடுகிறார்.

குழு கெடுவது "என் கனவாக இருந்தால்" என்ற சொல் நழுவி "உங்களுக்கு என்னன்னா..." என்று ஆரம்பிக்கும்போது. அதைத் தடுக்காத நடத்துநர் இருக்கும் குழுவில் நீடிக்காதீர்கள். சொன்னது வெளியே போகாது என்ற உறுதியைக் கனவு சொல்லும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். உறவினரும் அலுவலகத்து ஆட்களும் உள்ள குழு வேண்டாம். பழைய வன்முறையின் காயத்தைக் கொண்டுவர இது இடமல்ல; உடைந்து அழும் ஒருவரைப் பத்திரமாக வீடு கொண்டுசேர்க்க அங்கே பயிற்சி பெற்றவர் இருக்க மாட்டார். தனிமை, மணமுறிவு, துக்கம் இவற்றுக்குக் குழு நன்றாகவே பொருந்தும்.

தெரபிஸ்டோடு

துக்கமும் குற்ற உணர்வும் ஆறு மாதம், ஒரு வருடம் ஆகியும் நகராமல் கிடந்தால், அல்லது ஒரே உறவுச் சிக்கல் கனவிலும் பகலிலும் மாறி மாறி வந்தால் இதுவே சரியான தேர்வு. தெரபிஸ்ட் எந்தச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவரோ அதற்கு ஏற்ப வேலை மாறும். பிராய்டின் வழியில் வந்தவர், குழாய், முதுகு, ஈரம் என்று ஒவ்வொன்றையும் தந்து, மனம் போன போக்கில் பேசவிடுவார். கனவின் மேல்தோற்றத்துக்கு அடியில் மறைந்த விருப்பத்தைத் தேடுவார். யுங்கின் வழியில் வந்தவர், "உங்களுக்குள் இருக்கும் அம்மா எதைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்?" என்பார். ஃபிரிட்ஸ் பெர்ல்ஸின் கெஸ்டால்ட் முறையில் நீங்களே குழாயாகிப் பேச வேண்டும்: "நான் திறந்தே கிடக்கிறேன். என்னை மூட யாரும் வரவில்லை." கூச்சமாக இருக்கும், ஆனால் அடைத்திருந்த அழுகை வெளியே வருவது பலருக்கு இங்கேதான்.

முடிவெடுக்கத் தடுமாறுகிறவர்களுக்கு எங்கள் சாய்வு அமெரிக்க உளவியலாளர் கிளாரா ஹில் வகுத்த மூன்று கட்ட முறையின் பக்கம். காரணம், அது கனவோடு நிற்காமல் வாழ்க்கைக்கு வந்து முடிகிறது. முதல் கட்டத்தில் முக்கியமான ஒவ்வொரு காட்சியையும் நாலு படியாக எடுப்பார்கள்: விவரிப்பது, அந்த உணர்வை மறுபடி உணர்வது, நினைவில் எழுவதைச் சொல்வது, இப்போதைய வாழ்க்கையில் எது அதைத் தூண்டியது என்று பார்ப்பது. இரண்டாம் கட்டத்தில் இருவரும் சேர்ந்து ஒரு புரிதலுக்கு வருவார்கள். மூன்றாவது, செயல்: "கனவை மாற்ற முடிந்தால் எப்படி மாற்றுவீர்கள்? அந்த மாற்றத்துக்கு ஈடாகப் பகலில் என்ன செய்யலாம்?" ஒரு கனவுக்கு ஓர் அமர்வு, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். அவசர அவசரமாக நடக்கும் அமர்வுகளில் வெட்டுப்படுவது மூன்றாம் கட்டம்தான். அதனால்தான் புரிந்த பிறகும் ஒன்றும் ஆறாமல் பலர் திரும்பி வருகிறார்கள்.

முதல் சந்திப்பிலேயே, "கனவை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல பதில் உங்களிடம் கேள்வியாகத் திரும்பும். கனவைச் சொல்லி முடிப்பதற்குள் பொருளைக் கையில் திணிக்கிறவர் வேண்டாம். அதிலும், "சின்ன வயதில் உங்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது, கனவு அதைத்தான் காட்டுகிறது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஜூலியானா மட்ஸோனி, எலிசபெத் லோஃப்டஸ் உள்ளிட்டோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், உளவியலாளர் ஒருவர் அரை மணி நேரம் கனவுக்கு விளக்கம் சொன்னதே போதுமாக இருந்தது. தனக்கு நடக்கவே இல்லை என்று முன்பு சொன்ன சிறுவயதுச் சம்பவத்தை, நடந்திருக்கலாம் என்று பலர் நம்பத் தொடங்கினார்கள். கனவு உணர்வுக்குச் சாட்சி. நடந்ததற்குச் சாட்சி ஆகாது.

தெளிகனவு

கனவுக்குள்ளேயே "இது கனவு" என்று உணர்ந்து, துரத்துவதை நின்று எதிர்கொள்ளும் லூசிட் ட்ரீமிங் பயிற்சிக்கு ஆசைப்படுகிறவர்கள் அதிகம். அது நிஜமே, ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் 1980-களின் தொடக்கத்தில் கண்ணசைவுச் சமிக்ஞை மூலம் நிறுவியிருக்கிறார். ஆனால் பயிற்சிக்குச் சுமார் ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து விழித்திருந்து, "அடுத்த கனவில் இது கனவென்று நினைவுகொள்வேன்" என்று மனதில் பதித்து மறுபடி தூங்க வேண்டும். ஏற்கெனவே தூக்கம் கெட்டிருப்பவருக்கு அது இன்னும் கெடும். எது நிஜம், எது கனவு என்ற கோடு மங்கும் தொந்தரவு உள்ளவர்களும், மனச்சிதைவு வந்து போனவர்களும் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களுக்கும் இது கடைசித் தேர்வுதான். பகலில் உட்கார்ந்து மாற்றி எழுதுவது இதே பலனுக்குப் பக்கத்தில், பத்தில் ஒரு பங்கு உழைப்பில் கொண்டுபோய் விடுகிறது.

இரண்டும் கலந்து வந்தால்

பலருக்கும் கொடுங்கனவும் துக்கமும் சேர்ந்தே இருக்கும். அப்போது வரிசை முக்கியம். முதலில் மாற்றி எழுதும் முறை. தூக்கம் ஓரளவு திரும்பிய பிறகு நோட்டு. நோட்டு நகராமல் நின்ற இடத்தில் குழுவோ தெரபிஸ்டோ. மாற்றி எழுதும் வாரங்களில் அதே கனவை அலசாதீர்கள். அலசும்போது பழைய காட்சிக்கு உயிர் கொடுக்கிறோம், ஒத்திகையில் புதியதற்கு உயிர் கொடுக்கிறோம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் ஒன்று மற்றதை அழிக்கும்.

கனவுகள் மாறுவதையும் கவனித்து வாருங்கள். மணமுறிவுக்கு ஆளானவர்களின் கனவுகளை ஆராய்ந்த ரோசலிண்ட் கார்ட்ரைட், சோர்ந்திருந்தவர்களில் முன்னாள் துணை கனவில் வந்தவர்கள், பின்னாளில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்ததைக் கண்டார். வலிக்கும் ஆள் கனவில் வருவதே பின்னடைவு என்று எண்ண வேண்டாம். பார்க்க வேண்டியது, வாரங்கள் போகப் போகக் கனவில் நீங்கள் ஏதாவது செய்கிறீர்களா என்பதை. முதலில் வெறும் பார்வையாளர், பிறகு பேசுகிறவர், பிறகு ஓர் அடி எடுத்து வைக்கிறவர். நோட்டில் அந்த அடியைச் சிவப்பு மையால் கோடிட்டு வையுங்கள்.

அம்மாவின் கனவு கண்ட பெண்மணிக்கு, ஹில் முறையில் பார்த்த மூன்றாம் கட்டத்தின் செயல் எப்படி இருக்கும்? "இனி குற்ற உணர்வை விட்டுவிடுவேன்" என்று எழுதினால் அது செயல் ஆகாது. எந்தக் கிழமை, எத்தனை மணி என்று அதற்குச் சொல்ல முடியாது. "ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் செய்து, அந்தக் கடைசி வாரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். ஆஸ்பத்திரி, ரிப்போர்ட் எதையும் எடுக்காமல், அம்மாவை மட்டும் பேசுவேன்." இப்படி எழுத வேண்டும்.